விறைத்த விரல்களுக்கு ஒரு சொல்

அன்பு ரிஸானா ராத்தா,

நீங்கள் மௌத்தாகி, எங்களை விட்டுப் போய்ப் பதினான்கு மாதங்கள். கிண்ணியாவிலிருந்து வரும் காலை பஸ் நம் கிளினிக் வாசலில் நிற்கும்போது இன்னும் நிமிர்ந்து பார்க்கிறேன். ஆனால் அழுவதற்காக இதை எழுதவில்லை. உங்களுக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்கிறது.

துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் கப்பல்காரர்கள் நம்மிடம் வருவார்கள். பதிவு மேசையில் இருந்த நம் இருவருக்கும் ஆங்கிலம் வராது. அந்த வெட்கம் தாங்காமல்தான் நீங்கள் பழைய ஆங்கிலத் துயர நாடகம் ஒன்றைக் கொண்டுவந்தீர்கள். சந்தேகத்தால் தன் குடும்பத்தையே அழிக்கும் ஓர் அரசனின் கதை.

“‘இது பேனை, அது கதிரை’ எண்டு படிச்சா மறந்திரும் தங்கச்சி. இதுல சண்டை, சாவு எல்லாம் இருக்கு. அழுதுகொண்டு படிச்ச சொல் மறக்குமா?”

பகல் சாப்பாட்டு நேரத்தில், அகராதி பார்த்து, நாளுக்கு ஐந்து சொற்கள். மகன் இறந்த செய்தி கேட்ட அரசி, தன் கைகால் ‘நம்’ (numb) என்கிறாள். நான் விழித்தேன். நீங்கள் என் கையைக் கிள்ளினீர்கள்.

“நோகுதா?”

“ஓம், நோகுது!”

“நோகாட்டி அதுதான் நம். விறைச்சுப் போறது.”

பிறகு புற்றுநோய் மருந்து ஏறிய நாட்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்கள் விரல்களைப் பிடித்திருந்தேன். “நீ புடிச்சிருக்கிறது தெரியல்ல தங்கச்சி. நம்” என்றீர்கள். அதன்பின் அந்தப் புத்தகத்தைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

போன மாதம் ஒரு மாலுமி மணிக்கட்டில் இறுக்கக் கட்டுப் போட்டு வந்தார். கப்பலில் கயிறு அடித்ததாம். முனகவில்லை. வாங்குப் பலகையில் உட்கார்ந்து, “நம், நம்” என்றார். உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் சுகந்தி அதைப் பதிவுக் கொப்பியில் எழுதிவிட்டாள்.

“பேர் நம்மாம் அக்கா. அவருக்கு முன்னால ஆறு பேர் இருக்கினம்.”

அது பேர் இல்லை. போய் அவர் விரலைக் கிள்ளினேன். என் முகத்தைப் பார்த்தாரே தவிர விரலை இழுக்கவில்லை. டொக்டரின் கதவைத் தட்டாமலே திறந்தேன். கட்டை அவிழ்த்தபோது விரல்கள் நீலம் பாரித்திருந்தன. உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

“இன்னும் பிந்தியிருந்தா கை போயிருக்கும். ஆர் கண்டுபிடிச்சது?”

உங்கள் பெயரைத்தான் சொன்னேன், ராத்தா.

நேற்று அந்த மாலுமி திரும்பி வந்தார். ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினார். சுகந்தி கைதட்டினாள். ஆங்கிலம் எங்கே படித்தீர்கள் என்று என்னிடம் கேட்டார். என் அக்காவோடு என்றேன். தட்டுத்தடுமாறாமல் வந்தது. அக்கா சுகமா என்று கேட்டார். கேள்வி நன்றாக விளங்கியது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

இந்த மாதம் முதல் வெளிநாட்டு நோயாளர் எல்லாரையும் முதலில் என்னிடம் அனுப்பச் சொல்லியிருக்கிறார் டொக்டர். பயமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. ஒரு வாக்குத் தருகிறேன். எந்தப் பாஷையில் யார் தன் நோவைச் சொன்னாலும், விளங்கும்வரை பக்கத்தில் இருந்து கேட்பேன்.

வேறு வயிற்றில் பிறந்த உங்கள் தங்கச்சி,
ஜெனிட்டா
திருகோணமலை