மாரித் உடுத்தி வந்த வெள்ளை

மெக்னெஸ்,
மொராக்கோ,
11 ஜூலை 1993

மகன் இத்ரீசுக்கு அம்மா எழுதுவது. நீ நலமாக இருக்கிறாய் என்பதே நேற்றுதான் எனக்கு உறுதியாயிற்று.

உன் மனைவி மாரித் வந்து சேர்ந்தாள். எப்படி வந்தாள் தெரியுமா? வெள்ளை முக்காடு, வெள்ளை அங்கி, வெள்ளைச் செருப்பு. நம் ஊரில் உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை வெள்ளை உடுத்தும் பெண் யாரடா? புருஷனைப் பறிகொடுத்தவள்! நார்வேயிலிருந்து மருமகள் தன்னந்தனியாக, அந்தக் கோலத்தில் வந்து நின்றால் நான் என்ன நினைப்பேன்?

"ஐயோ, எம்புள்ள போயிட்டானே!" என்று வாசலிலேயே விழுந்துவிட்டேன். அவளோ சிரித்துக்கொண்டே என்னைக் கட்டிப்பிடித்தாள். "பாவம், துக்கத்துல புத்தி பேதலிச்சிருச்சு" என்று எதிர்வீட்டு ருக்கையா ஒப்பாரி வைக்க, தெருவே கூடிவிட்டது. பிரெஞ்சு தெரிந்த வாத்தியார் வந்து அவளிடம் கேட்ட பிறகுதான் நீ உயிரோடு இருப்பது தெரிந்தது. முழுசாக அரைமணி நேரம்! அதற்குள் தெருவுக்கே ரொட்டி சுட்டுத் தரும் அடுப்புக்காரர் துக்க வீட்டுக்கென்று ஒரு கூடை ரொட்டி அனுப்பிவிட்டார்.

அவளுக்கு இந்த யோசனையைச் சொன்னது யார்?

அம்மா ஹபீபா


பெர்கன்,
22 ஜூலை 1993

அன்புள்ள அம்மாவுக்கு,

சொன்னது நான்தான். அரைக்கால் சட்டையோடு போனால் எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்களே என்று பயந்தாள். "தொளதொளன்னு வெள்ளையில வாங்கிக்கோ. வெயிலுக்கும் நல்லது, ஊரோட ஊரா கலந்துடலாம்" என்றேன். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அப்பா வெள்ளை அங்கியில் கிளம்புவாரே, அதுதான் என் கண்ணில் நின்றது. அங்கே வந்து இறங்கியதும் அவளுக்குத் துணி விற்ற கடைக்காரர் கண்கலங்கினாராம். எவ்வளவு நல்ல மனிதர் என்று எழுதியிருக்கிறாள்.

தப்புதான். ஆனாலும் துணிதானே அம்மா, இதற்கா இத்தனை கோபம்? அவளுக்கு வேறு நிறத்தில் ஒன்று வாங்கிக் கொடுங்கள். இந்த வருடமும் எனக்கு விடுப்பு இல்லை. அடுத்த கோடையில் பார்ப்போம்.

அன்புடன்,
இத்ரீஸ்


மெக்னெஸ்,
3 ஆகஸ்ட் 1993

இத்ரீசுக்கு,

துணிதானே என்று எழுத உனக்குக் கை வந்ததா?

மாரித் மேல் எனக்குக் கோபமில்லை. விஷயம் புரிந்ததும் என் மடியில் முகம் வைத்து அழுதாள். இப்போது பச்சை அங்கியில் என்னோடு சந்தைக்கு வருகிறாள். அவள் வெளியூர்க்காரி, அவளுக்குத் தெரியாது. நீ இந்தத் தெருவில் பிறந்தவன், உனக்கு ஏன் தெரியவில்லை?

நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஆறு வருடத்துக்கு முன் உன் அப்பா இறந்தபோது நான் அதே வெள்ளையில் நான்கு மாதம் பத்து நாள் இருந்தேன். "புள்ள எப்ப வர்றான்?" என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். விடுப்பு இல்லை என்று எழுதினாய். ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்து என்னைப் பார்த்திருந்தால், உன் மனைவியிடம் வெள்ளை வாங்கச் சொல்ல உனக்கு வாய் வந்திருக்காது.

அடுத்த கோடை என்ற பேச்சு இனி வேண்டாம். மாரித் இந்த மாதம் முழுக்க இங்கேதான் இருப்பாள். அதற்குள் வா. பனிக்குப் போடும் அந்தத் தடித்த கோட்டோடு வந்து இறங்கினாலும் சரி, தெரு சிரித்தால் சிரிக்கட்டும். இவன்தான் என் பிள்ளை என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா