எங்க வூட்டு கெணத்துத் தண்ணி

அஸ்தினாபுரம்
4-5-1988

மச்சான் ஞானையாவுக்கு, மாமன் ஏசுபாதம் தோத்திரம் சொல்லி எழுதறது.

கர்த்தர் புண்ணியத்துல நான் சொகம். உங்கக்கா தபீதாள் என்னைவிட சொகம். ஒம்போது வருசமா நீ என்கூட பேசறதில்ல. பேச வேணாம், படிச்சா போதும்.

இங்க தண்ணி லாரி வாரத்துக்கு ஒரு தபா வருது. வந்தா குடத்தாலயே அடிச்சிக்கிறாங்க. அதான் ஆபீஸ்காரங்க காலனியும் நம்ம பழைய தெருவும் சேர்ந்து குடிதண்ணி சங்கம் ஒண்ணு ரிஜிஸ்டர் பண்ணிட்டோம். நாப்பத்திரண்டு வூடு. மோட்டாரு, ஒசரமா ஒரு டேங்க், வூட்டுக்கு வூடு குழா. செக்ரட்டரி, பேங்க்ல வேலை பாக்கற வைத்தீஸ்வரன் சாரு. தலைவரு யாருன்னு நெனைக்கிற? நான்தான்! அஞ்சாங்கிளாஸ் பெயிலு. கெணறு என்னோடதுதான, அதனால.

தண்ணிய டெஸ்டுக்கு அனுப்பினோம். தபீதாள்தான் பாட்டில்ல புடிச்சிக் குடுத்தா. எளநி மாதிரி கீதுன்னு சர்ட்டிபிகேட் வந்துட்ச்சி. எளநின்னு அவங்க எழுதல, நான் சேத்துகினேன்.

எங்க பொண்ணு அருள்மேரி கல்யாணத்துல காபி திரிஞ்சப்போ, "என் மச்சானோட உப்புக் கெணத்துல மொண்டுட்டாங்கப்பா"ன்னு பந்தல்லயே சொன்னேன் இல்ல? நீயும் கோவிச்சிகினு, எங்க பக்கத்துல இருந்த உன் வூட்டைப் பூட்டிட்டு குன்றத்தூர் போய்ட்ட. இப்போ கவர்மெண்டே சீல் குத்திட்ச்சி பாரு, எது நல்ல கெணறுன்னு.

டேங்குக்குப் போற பைப்பு உன் மனை வழியாத்தான் போவணும். இதுகூட வச்சிருக்கற சம்மத ஃபாரத்துல கையெழுத்து போட்டு அனுப்பு.

இப்படிக்கு,
சங்கத் தலைவர்
ஏசுபாதம்


குன்றத்தூர்
11-5-1988

மாமாவுக்கு,

கையெழுத்து போட்டு வச்சிருக்கேன். பைப்பு போட்டுக்குங்க. ஊரு தண்ணி குடிக்கிறதுக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன்.

மோட்டாரை எறக்கறதுக்கு முன்ன, உங்க கெணத்துல நீங்களே ஒரு தபா மொண்டு குடிச்சிப் பாருங்க. அவ்ளோதான்.

ஞானையா


அஸ்தினாபுரம்
5-6-1988

மச்சான்,

குடிச்சிப் பாருன்னு நீ எழுதினதைப் பொறாமைன்னு நெனச்சிட்டேன்.

நேத்து மோட்டாரு போட்டோம். மொத சொம்பு வைத்தீஸ்வரன் சாருக்குக் குடுத்தேன். மனுசன் மரியாதைக்கு முழுங்கிட்டாரு. ரெண்டாவது சொம்பு நம்ம தெரு புஷ்பத்துக்கு. அது மரியாதையெல்லாம் பாக்கல. "இன்னா தாத்தா, ஊறுகா போடறதுக்கா தண்ணி வுடற?"ன்னு துப்பிட்ச்சி.

தபீதாளைத் தனியா இட்டுகினு போனேன்.

"பாட்டில்ல எங்கடி புடிச்ச?"

"குடிக்கிற பானையிலேர்ந்து."

"பானைக்கு எங்கேர்ந்து வந்திச்சி?"

"என் தம்பி கெணத்துலேர்ந்து. எப்பவும் அங்கதான் மொள்றேன். நீ இன்னிக்காவது கேட்டியே!"

கல்யாணத்துல காபிக்கு மொண்டது எங்க கெணத்துலன்னும் சேத்து சொல்லிட்டா. குளிக்கசொல்ல நுரை வராதப்போ எல்லாம் நான் சோப்பைத் திட்டிகினு இருந்தேன், ஞானையா.

டெஸ்டுல பாசானது உன் கெணறு. நாப்பத்திரண்டு வூடும் என் மூஞ்சியப் பாக்குது. நீ குடுத்தா சங்கம், இல்லன்னா திரும்ப லாரி. எனக்குக் குடுக்க வேணாம். அவங்களுக்குக் குடு.

ஏசுபாதம்
(தலைவருன்னு போட கை வரல)


குன்றத்தூர்
12-6-1988

மாமா,

எனக்குத் தெரியும். அக்கா மாசாமாசம் எழுதும். நீங்க என் தண்ணியக் குடிச்சிட்டு, வாயத் தொடச்சிகினு, என்னையே திட்டறீங்கன்னு படிக்கசொல்ல சிரிப்பு வந்துடும். அந்தச் சிரிப்புலதான் என் கோவம் பாதி ஆறிச்சி. "நீயா சொல்லாதக்கா, அவரா தெரிஞ்சிக்கட்டும்"னு நான்தான் சொல்லி வச்சேன். மோட்டாரு வரைக்கும் போவும்னு நெனைக்கல.

கெணத்த சங்கத்துக்கு எழுதிக் குடுக்கறேன். ஆனா தலைவரு நாற்காலியில அக்கா உக்காரணும். தண்ணி குடுத்தது அதுதான். அப்புறம், உப்புக் கெணறு யாருதுன்னு நீங்க மீட்டிங்ல எழுந்து நின்னு சொல்லணும். பந்தல்ல சொன்ன அதே கொரல்ல.

மீதி பாதி கோவம் அதுல போவுதான்னு பாக்கறேன்.

ஞானையா


அஸ்தினாபுரம்
26-6-1988

ஞானையா,

சொல்லிட்டேன்.

நான் எழுந்தாலே சிரிக்கிற கூட்டம் அது. "உப்புக் கெணறு என்துதான். ஊரு முன்னாடி என் மச்சானை அவமானப்படுத்தினதும் நான்தான்"னேன். ஒர்த்தரும் சிரிக்கல. அதுதான் பேஜாரா பூட்ச்சி. மறுபடியும் மொதல்லேர்ந்து சொல்ல ஆரம்பிச்சேன். உங்கக்காதான், "போதும், உக்காரு"ன்னா. தலைவரம்மா போட்ட மொத உத்தரவு.

உன் கெணத்துல மோட்டாரு எறங்கிட்ச்சி. டேங்க், பைப்பு எல்லாம் ரெடி. "எப்போ தண்ணி வுடறது?"ன்னு வைத்தீஸ்வரன் சாரு கேட்டாரு. "என் மச்சான் வர்ற அன்னிக்கு. அது வரைக்கும் ஒர்த்தரும் சுவிட்ச்ல கை வைக்கக் கூடாது"ன்னு மீட்டிங் நோட்டுல எழுதி, எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டேன். குன்றத்தூர் அட்ரசையும் குடுத்திருக்கேன்.

நாப்பத்திரண்டு வூடும் காலிக் குடத்தோட உன்னைத் திட்டிகினு காத்துகினு கீது. தைரியம் இருந்தா வராம இரு.

தலைவரம்மா வூட்டுக்காரன்
ஏசுபாதம்