மௌன அஞ்சலிக்கு நாங்கள் சம்மதிக்கவில்லை

எங்கள் வீட்டையே அதிரவைத்த எமிலி மதினிக்கு,

நலமா என்று கேட்க முடியாது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கிறிஸ்துமஸ் இசை நாடகத்தில், ஷூவால் தாளம் தட்டி ஆடும் உன் டேப் டான்ஸ் கிடையாது என்று சபைக் கமிட்டி முடிவு செய்தது. அந்த இடத்தில் உன் படத்தை வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, மௌன அஞ்சலியாம். உன் பேரைச் சொல்லியே உன் ஆட்டத்தை நிறுத்தப் பார்த்தார்கள்.

"அவ உசுரோட இருந்தப்ப ஒரு நிமிசமாச்சும் சும்மா இருந்திருக்காளாண்ணே? செத்தப்பறம் அவளுக்கு எதுக்கு மௌனம்?" என்று செயலாளரிடம் கேட்டுவிட்டேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவருக்கு உன்மேல் பழைய கடுப்பு. ரயில்வே காலனியில் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியப் பெண்ணிடம் கற்ற ஆட்டத்தை, மேய்ப்பர்கள் சந்தோஷப்படும் காட்சியில் நீ சேர்த்த அன்றே அது ஆரம்பம். "பெத்லகேம் மேய்ப்பர்கள் பூட்ஸ் போட்டாங்களாம்மா?" என்றார். "வெறுங்காலோட ஆடுனாங்கன்னு மட்டும் எங்கண்ணே எழுதியிருக்கு?" என்றாய் நீ.

காளவாசலில் நம் ஷூக்களுக்கு லாடம் அடிக்கக் கொடுத்தோமே, நினைவிருக்கிறதா? போலீஸ்காரர் பூட்ஸுக்கு அடிக்கிற அதே இரும்பு. "யாருக்கும்மா போலீசுல வேல கெடச்சிருக்கு?" என்றார் செருப்பு தைப்பவர். முதல் நாளே சபைக் கூடத்துச் சிமெண்டுத் தரையில் வழுக்கி எல்லோரும் விழுந்தோம். நீதான் முதலில் எழுந்து, மரக்கடையில் பலகை கேட்டு வாங்கி வந்து போட்டாய்.

கமிட்டியைச் சமாளிக்கலாம், அண்ணனை என்ன செய்வது? மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனதிலிருந்து உன் புருஷன் வீட்டில் ரேடியோ கூடப் போடவில்லை. துக்க வருஷம் என்பதால் எங்கள் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. கிறிஸ்துமஸ் பலகாரம் பக்கத்து வீடுகளிலிருந்து வந்தால்தான் உண்டு. "வீட்ல முறுக்கே சுடல, நீ மேடையேறி ஆடப் போறியா? அவ மேல அம்புட்டுத்தான் பாசமா?" என்று கேட்டான். சுருக்கென்று தைத்தது, மதினி.

நம் கூட ஆடும் ஜெயா ஒரு யோசனை சொன்னாள். "எமிலியக்கா கடைசியா ஆடச் சொல்லிட்டுப் போனாங்கன்னு சொல்லிருங்கக்கா. ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டாங்க." சொல்லியிருக்கலாம். ஆனால் நீ அப்படி எதுவும் சொல்லவில்லையே. கடைசி நாட்களில் நீ கேட்டதெல்லாம் தண்ணீர்தான். ஆடவேண்டும் என்பது என் ஆசை. செத்துப்போன உன் பின்னால் நான் ஏன் ஒளிய வேண்டும்?

அண்ணனிடமும் அதையேதான் சொன்னேன். "ரேடியோவ நிப்பாட்டுனாத்தான் ஒனக்கு அவள நெனைக்க முடியுது. எனக்கு ஆடுனாத்தான் முடியுது. எம் பாசத்த நீ அளக்காத." சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆட்டம் இல்லையென்றால் பாடகர் குழுவுக்கும் வரமாட்டோம் என்று ஆடுகிற நாங்கள் எல்லோரும் சொன்ன பிறகே கமிட்டி இறங்கி வந்தது. ஆனாலும் செயலாளருக்கு மனம் ஆறவில்லை. வரிசையில் உன் இடத்தையாவது காலியாக விடச் சொன்னார். பார்க்கிறவர்கள் கலங்குவார்களாம். எதற்குக் கலங்க வேண்டும்? நெருங்கி நின்று அந்த இடத்தை அடைத்துவிட்டோம். உனக்கு அதில் கோபமா?

இன்று சாயங்காலம் ஒத்திகை. பாதி ஆட்டத்தில் பார்த்தால், கதவோரம் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். ஜெயாவுக்குக் கால் தடுமாறியது. நிறுத்தச் சொன்னால் எல்லோர் முன்னாலும் சண்டைதான் என்று முடிவு செய்து, அவன் முகத்தைப் பார்த்தபடியே ஆடினேன். ஆட்டம் முடிந்தது. எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.

"சத்தம் பத்தல" என்றான் அண்ணன். "அவ ஆடுனா ரோட்டுல சைக்கிள நிறுத்துறப்பவே கேக்கும். இன்னும் ஓங்கி மிதிங்க."

சொல்லிவிட்டு, சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தான். முதலிலிருந்து மறுபடி ஆடினோம்.

ஞாயிற்றுக்கிழமை நாடகம். நீ எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் உனக்குக் கேட்கும்படி மிதிப்பேன். இது சத்தியம்.

உனக்கும் சேர்த்து உன் புருஷனோடு சண்டை போடும்
உன் நாத்தனார்,
கிரேஸ்