அப்பா தூக்குவாரு

ஜூன் 3

பாப்பாவின் அம்மாவுக்கு,

பத்திரமாக வேலைக்குத் திரும்பிவிட்டேன். போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

லீவில் அந்தப் பயிற்சிக் கூடத்தில் பார்த்தது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. கால் தசை இறுகிப் பிறந்த நம் ஐந்து வயதுக் குழந்தை பாயில் கிடந்து, “வலிக்குது, விடுங்க” என்று அழுகிறது. பாப்பா ‘பந்து அக்கா’ என்று கூப்பிடுகிற அந்த அம்மாள் காலைப் பிடித்து நீட்டுகிறாள். வாயில் பாட்டு வேறு! ரப்பர் பந்து உருட்ட ஒரு படிப்பு, சுவரில் அதற்கு ஒரு சான்றிதழ்! நீயோ பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறாய். கல்நெஞ்சுக்காரி.

இனிமேல் பாப்பா வரமாட்டாள் என்று அங்கே சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். நல்ல சக்கர நாற்காலி அனுப்புகிறேன். ராணி மாதிரி உட்காரட்டும்.

பாப்பாவுக்கு முத்தம்.
அவள் அப்பா

ஜூன் 24

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே உங்கள் புண்ணியம் வந்து சேர்ந்துவிட்டது. வழக்கம்போலப் போனால், எங்கள் நேரத்தில் வேறொரு குழந்தை. “சார்தான் வேண்டாம்னு சொன்னாரே” என்றார்கள். அசடு மாதிரி வாசலில் நின்றேன். மறுபடி இடம் கிடைப்பதற்குள் முழங்கால் இறுகிவிட்டது.

நீங்கள் வருவதற்கு முன் சுவரைப் பிடித்துக் குளியலறை வரை போனவள் அவள். இப்போது “நடடி” என்றால் இரண்டு கையையும் மேலே நீட்டுகிறாள். “அப்பா தூக்குவாரு!” எந்த அப்பா? லீவு முழுக்க இடுப்பை விட்டு இறக்காமல் வீரம் காட்டிவிட்டு விமானம் ஏறினாரே, அவரா? குழந்தை அழுவதை உங்களால் பார்க்க முடியவில்லை. அதற்குப் பாசம் என்று பெயர் வைக்காதீர்கள். சொகுசு அது.

பாப்பாவின் அம்மா

ஜூலை 15

வாய் மட்டும் குறையவில்லை உனக்கு. செப்டம்பரில் வந்து குழந்தையை இங்கே கூட்டிக்கொண்டு வரப்போகிறேன். ஆள் போட்டுத் தூக்கவைக்க எனக்கு வக்கு இருக்கிறது. நீ உன் பந்து அக்காவோடு பாடிக்கொண்டு இரு.

ஆகஸ்ட் 20

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஆள் போடுவீர்களாம்! வாழ்நாள் முழுக்கச் சுமக்கிற ஆள் எந்தக் கடையில் கிடைக்கிறான்?

நாற்காலி வந்தது. தூரமாகப் போக உதவுகிறது. அதற்கு மட்டும் நன்றி. மற்ற நேரம் அவள் கால்களுக்கு வேலை இருக்கிறது. நீங்கள் பார்த்து இளித்த அந்தப் பந்தின்மேல் குப்புறப் படுத்து உருண்டு உருண்டு இடுப்பில் பலம் ஏறியிருக்கிறது. நீட்டும்போது இன்னும் அழுகிறாள். அழுதுகொண்டே, “அக்கா, பாட்டை நிறுத்தாத” என்கிறாள்.

நேற்று வீட்டுக் கூடத்தில் விழுந்தாள். ஓடினேன். “தொடாத! நானே எந்திரிப்பேன்” என்று அதட்டினாள். அப்படியே உங்கள் திமிர். உங்களிடமிருந்து அவளுக்கு வந்த உருப்படியான ஒரே சொத்து.

செப்டம்பரில் தாராளமாக வாருங்கள். கூட்டிப்போகும் பேச்சை வாசலிலேயே விட்டுவிடுங்கள். மணி அடித்தால் பாப்பாதான் வந்து திறப்பாள். நான் எழுந்திருக்க மாட்டேன். நேரமாகும். அதுவரை வெளியே நிற்கப் பொறுமை இல்லையென்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

பாப்பாவின் அம்மா