கையைத் தூக்கியவனுக்கு ஒரு கோப்பை

உன் பெயரில் பள்ளிக்கூடம் கொடுக்கும் கோப்பையை நேற்று கையில் வாங்கிப் பார்த்தேன். எடையே இல்லை. தகரத்துக்குப் பொன் பூச்சு, அடியில் 'நன்னடத்தை மிக்க விளையாட்டு வீரர்' என்று எழுத்து. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் பேட்டை மர்பி டவுன் மைதானத்தில் பி.டி. மாஸ்டர் தினம் காலையில் ஓதுவது நினைவிருக்கிறதா? "கபடில ஆளு தொட்டுட்டா கையத் தூக்கிட்டு வெளிய போ. அதான்டா கேரக்டர்." நாங்கள் தலையாட்டினோம். நீ ஒருவன்தான் நம்பித் தொலைத்தாய்.

மாவட்ட இறுதியாட்டம். ஜெயித்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட். நம் வீடுகளுக்கு வேறு வழி கிடையாது. புள்ளிகள் சமம், எதிரணியின் கடைசி ரெய்டு. வந்தவனின் விரல் உன் முழங்கையில் உரசியதை நடுவர் பார்க்கவில்லை. உரசியவனுக்கே தெரியவில்லை. நீயாகக் கையைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போனாய். ஒரு புள்ளியில் தோற்றோம்.

எல்லார் முன்னாலும் மாஸ்டர் உன்னை அறைந்தார். "யாருமே பாக்கலியேடா! எவன்டா உன்னக் கையத் தூக்கச் சொன்னான்?" நீ அவர் முகத்தையே பார்த்தாய். அன்றே டீமை விட்டுத் துரத்தினார். பஸ்ஸில் வீங்கிய கன்னத்தோடு என்னிடம் மட்டும் சொன்னாய்: "பட்டுச்சு மச்சா. பட்டத எப்படி இல்லன்னு சொல்றது?"

மறுவருடம் ஜெயித்து நாங்கள் காலேஜுக்குப் போனோம். நீ ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனாய். சில வருடங்கள் கழித்து, காலை ஷிப்டுக்குச் சைக்கிளில் போன உன்னை லாரி அடித்துப் போட்டது.

நேற்று மேடையில் அதே மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவனுக்கு அந்த கேரக்டர வளத்ததே நான்தான்" என்றார். கூட்டம் கைதட்டியது. உன் அம்மா அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இறங்கி வந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எம் புள்ள வாயில பொய்யே வராதுப்பா. அந்த ஆட்டத்தன்னிக்குக் கன்னம் வீங்கி வந்தான். பல்லு வலின்னான். பல்லு வலிதானே?"

மேடையில் மாஸ்டருக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாம்மா, பல்லு வலிதான்" என்றேன். வாழ்க்கையில் நீ சொன்ன ஒரே பொய் அது. இனி அதை நான்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.