புளியமரத்து ஆணி

வல்லம்
17-6-1984

என் கண்ணு லீலாவுக்கு உங்கம்மா செங்கமலம் ஆசீர்வாதம் பண்ணி எழுதறது. இங்க நானும் உங்கப்பாவும் மாடு கன்னும் சுகம், அங்க பிலாய்ல நீயும் மாப்பிள்ளையும் வயித்துல கீற புள்ளையும் சுகமா கீறீங்கன்னு தெரிஞ்சாத்தான் எனக்குச் சோறு எறங்கும். எப்பவும் உங்கப்பாதான் எழுதுவாரு, கடைசியில ஒரு ஓரமா அம்மா விசாரிச்சான்னு போடுவாரு. இந்தத் தடவை நானே கவர் வாங்கியாந்து எழுதக் குந்திட்டேன். அஞ்சாங்கிளாஸ் எழுத்து, கோணலா இருந்தா சிரிக்காத. விஷயம் இன்னான்னா, போன திங்கக்கிழமை உங்கப்பா எனக்குத் தெரியாம உனக்கு ஒரு கார்டு போட்டுட்டாரு, இப்ப இங்க வராத, பிரசவத்தை அங்கயே ஆஸ்பத்திரியில பாத்துக்கன்னு. படிச்சிட்டு நீ அழுதிருப்ப, எனக்குத் தெரியும். அந்தக் கார்டை இன்னிக்கே கிழிச்சி அடுப்புல போடு. மனுஷன் ஏன் அப்பிடி எழுதினாருன்னு ஆதியிலேர்ந்து சொல்றேன், ரெண்டு தாள் ஆனாலும் ஆவட்டும்.

வைகாசி கடைசியில அடிச்ச சூறைக்காத்துல நம்ம கழனி மேட்டுப் புளியமரம் வேரோட சாய்ஞ்சிடிச்சி. ஆள் மேல மாடு மேல விழல, நல்லவேளை. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்தான். நீ ஆவணியில பெத்தா ஐப்பசி கார்த்திகை மழை முச்சூடும் உனக்கும் புள்ளைக்கும் ரெண்டு வேளை வெந்நீர் காயணும். வேலிக்காத்தான் சுள்ளி பொசுக்குன்னு எரிஞ்சி அடங்கிடும், புளி வெறகுன்னா தணல் நிக்கும். இப்பவே வெட்டிப் பொளந்து அடுக்கிட்டா வெயில்ல காஞ்சி ரெடியா இருக்கும்னு கணக்குப் போட்டுக்கினு இருந்தேன். எங்க அண்ணன் புள்ளை பாபு இப்ப மறைமலை நகர்ல மரம் வெட்டற காண்ட்ராக்டர் கிட்ட மோட்டார் ரம்பம் ஓட்டறான். அத்தை நீ கோடாலியையே தொடாத, அரை நாள்ல துண்டு துண்டா ஆக்கிக் குடுக்கறேன்னு சொல்லி ஞாயித்துக்கிழமை சைக்கிள் கேரியர்ல அதைக் கட்டி எடுத்தாந்துட்டான். பெட்ரோலைக் குடிச்சிட்டு அது போட்ட சத்தத்துல நம்ம செவலை கயித்தை அறுத்துக்கினு ஏரிக்கரை வரைக்கும் ஓடிடிச்சி. பாதி ஊர் வேடிக்கை பாக்க வந்துடிச்சி. கெளையெல்லாம் வாழைத்தண்டு மாதிரி போச்சி, பாபு பண்ண அலட்டலை நீ பாக்கணுமே. அடிமரத்துல வெச்சான் பாரு, கரகரன்னு சத்தம், பொறி பறந்துச்சி, செயின் அறுந்து அவன் பேண்ட்டைக் கிழிச்சிட்டுப் போயிடிச்சி. கால்ல ஒரு கீறல் இல்ல, அந்த மட்டும் பொழைச்சான். என்னடான்னு பாத்தா கட்டைக்கு உள்ள, விரல்கடை ஆழத்துல, ஒரு பெரிய இரும்பு ஆணி. மேல பட்டை மூடி வெளிய தெரியாம இருந்துகீது. உங்கப்பா மூஞ்சி செத்துப்போச்சி. அந்த ஆணி யாருதுன்னு அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

உன்கிட்ட இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. அது என் ஆணிடி. நீ வயித்துல இருக்கச்சொல்லோ எனக்குப் பேய் புடிச்சிதுன்னு பூசாரி தாண்டவராயன் உடுக்கை அடிச்சி, என் உச்சிமுடியில ஒரு கொத்து எடுத்து ஆணியில சுத்தி, அந்த மரத்துல அடிச்சி பேயைக் கட்டினாரு. இப்ப மரமும் சாஞ்சி ஆணியும் வெளிய வந்துடிச்சா, பேய் அவுந்துடிச்சாம், வாயும் வயிறுமா வர்ற பொண்ணைத்தான் மொதல்ல புடிக்குமாம். உங்கப்பாவுக்கு அதுக்கப்புறம் தூக்கமே இல்ல. அந்த பயத்துல எழுதின கார்டுதான் அது, உன் மேல ஆசை இல்லாம இல்ல. ஊர்லயும் ஒருத்தரும் அந்த மரத்துல கை வெக்க மாட்டேன்னுட்டாங்க. நம்ம ஊர்த் தச்சன் சின்னப்பையன் கிட்ட ரெண்டு பேர் இழுக்கற ரம்பம் கேட்டேன், ரம்பம் குடுத்தான், ஆள் மட்டும் வரலை. ஒரு பக்கத்துல நான் மட்டும் புடிச்சி இன்னா பண்றது. மூணு நாள் ஒண்டியா கோடாலியும் ஆப்புமா கெளைக் கட்டையைப் பொளந்தேன், கை கொப்புளிச்சிப்போச்சி. அப்பதான் கார்டு விஷயம் போஸ்ட்மேன் வாயால தெரிஞ்சிது. எனக்கு வந்துச்சே கோவம், இன்னிக்கு அடக்கினா ஆவாதுன்னு கழனிக்கே உங்கப்பாவை இழுத்துக்கினு போயி இருபத்திமூணு வருஷமா அடக்கினதைக் கொட்டிட்டேன்.

பேயும் இல்ல பிசாசும் இல்லடி. ஏழாம் மாசச் சீர்ல ஒரு அண்டா கொறைஞ்சிதுன்னு இந்த வூட்ல சண்டை, பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்கு அனுப்ப முடியாதுன்னுட்டாங்க. எனக்கு வயசு பத்தொம்பது, தலைச்சன், பயம்னா பயம். உச்சி வெயில்ல வெறகு பொறுக்கப் போனவ அந்த மரத்தடியில குந்தி தலைவிரி கோலமா அழுதுகினு இருந்தேன். பாத்தவங்க புளியமரத்துப் பேய்னு கத்திக்கினு ஓடினாங்க. நானும் இல்லன்னு சொல்லலை. பூசாரி வேப்பலையால ரெண்டு தட்டு தட்டி உனக்கு இன்னா வேணும்னு பேயைக் கேட்டாரு. கேக்கறாரு, சும்மா வுடுவானேன். கோழிக் கொழம்பும் சோறும் வேணும், அப்பறம் இந்தப் பொண்ணை வாலாஜாபாத்துல அவங்கம்மா வூட்டுல வுட்டாத்தான் போவேன்னேன். அடுத்த நாளே வண்டி கட்டிட்டாங்க. நீ எங்கம்மா வூட்ல சுகமாப் பொறந்த. நான் எங்கம்மா வூட்டுக்குப் போறதுக்காக அடிச்ச ஆணி, இப்ப நீ உங்கம்மா வூட்டுக்கு வர்றதைத் தடுக்குதுன்னா நான் சும்மா இருப்பேனா சொல்லு.

எல்லாத்தையும் கேட்டுட்டு உங்கப்பா வரப்பு மேல குந்திட்டாரு. திட்டுவாரு அடிப்பாருன்னு நெனைச்சேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, அப்ப கோழி கேட்டது நீதானான்னு. அன்னிக்கு அடிச்சிப் போட்டது அவரோட சண்டைச் சேவலாம், பெரும்புதூர் பந்தயத்துல ரெண்டு தடவை ஜெயிச்சதாம். பேய்னு பொய் சொன்னதுக்குக் கோவம் இல்ல, சேவலுக்குக் கோவம். ரெண்டு நாள் என்கிட்ட பேசவே இல்ல. மூணாம் நாள் காலையில நான் ரம்பத்தை எடுத்துக்கினு போனா பின்னாலயே வந்து அந்தப் பக்கத்துப் புடியைப் புடிச்சிக்கினாரு. அந்த ரம்பத்தை இழுக்கத்தான் செய்யணும், தள்ளக்கூடாது, தள்ளினா வளைஞ்சி மாட்டிக்கும். நாம இழுத்தப்பறம் கையைத் தளர்த்தி வுடணும், அப்பதான் எதிர்ல கீறவங்க இழுக்க முடியும். உங்கப்பாவுக்கு அது வரவே இல்ல, தள்ளிக்கினே இருந்தாரு, நான் கத்திக்கினே இருந்தேன். மத்தியானத்துக்குள்ள படிஞ்சிடிச்சி. ஆணியைக் குறடு போட்டு நானே புடுங்கிட்டேன். என் கோடாலி தலை லொடலொடன்னு ஆடிக்கினு இருந்துது, காம்பு உச்சியில அந்த ஆணியையே ஆப்பா அடிச்சி இறுக்கிட்டேன், இப்ப கல்லு மாதிரி நிக்குது. வெறகு வூட்டுப் பின்பக்கச் செவுரு ஒசரத்துக்கு அடுக்கியாச்சி, மேல பனையோலை போட்டாச்சி.

நீ அங்க தண்ணிக் கொடம் தூக்காத, மாடிப்படி வேகமா ஏறாத. மாப்பிள்ளையை ரயில்ல கீழ் பெர்த்தா பாத்து எடுக்கச் சொல்லு. நாலு பழைய பருத்திப் பொடவை எடுத்துக்கினு வா, புள்ளைக்குத் துணி கிழிக்க வேணும். தாயும் புள்ளையும் வேற வேறயா நல்லபடியா ஆகி, குங்குமமும் பூவுமா நூறு வயசு இருக்கணும்.

இப்படிக்கு உன்னை வழி பாத்துக்கினு இருக்கும்
அம்மா செங்கமலம்

லீலாவுக்கு அப்பா கன்னியப்பன் எழுதுவது. மேலே உள்ளதெல்லாம் நிஜம். அன்றைக்கு வண்டி கட்டி உங்கம்மாவை வாலாஜாபாத்தில் கொண்டுபோய் விட்டது நான்தான். உன்னை அழைத்து வர சென்ட்ரலுக்கு வரப்போவதும் நான்தான். ரயில் தேதியை உடனே எழுது. கார்டை மறந்துவிடு. சேவலை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.