பதினெட்டாவது ஆள்

ஜனவரி 9, சனி

காலையிலிருந்து பனி. எங்கள் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஊர்க்கூட்டம் அடுத்த மாதம் முதல் தேதி. அதற்கு ஆள் சேர்க்க நாற்பது வீட்டுக்குப் போன் செய்தேன், பதினொரு பேர் எடுத்தார்கள். அதில் மூன்று பேர் நான் ஆதரிக்கிற நடுவழி வேட்பாளரின் பெயரையே கேள்விப்பட்டதில்லை. பன்றிப்பண்ணை டெல்பர்ட் மட்டும், “வரேன் புரபசரம்மா, முழங்கால் வலி, ஒரு நாற்காலி போட்டு வைங்க” என்றார். இந்த ஊரில் நடுவழிக்காரர்கள் எல்லோருக்குமே முழங்கால் வலிதான்.

மாலையில் வெஸ்லி வந்தான். அவன் பகுதிநேரமாகப் பாடம் நடத்துவது மூன்று ஊரில் மூன்று கல்லூரியில். எதிலும் அவனுக்கென்று ஒரு மேசை கிடையாது, காரின் பின்பெட்டிதான் ஆபீஸ். செமஸ்டர் தொடங்க நாலு நாள் இருக்கும்போது ஒரு வகுப்பைப் பிடுங்கிவிட்டார்களாம். முப்பத்தொரு வயது என் பிள்ளைக்கு.

வழக்கம்போலச் சண்டை. அவன் ‘கல்லூரி எல்லோருக்கும் இலவசம்’ என்கிற வேட்பாளரின் கோஷ்டி. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு இலவசம், முடியாதவனுக்குக் கொடு என்றேன். இது ஒன்றும் தப்பான பேச்சில்லையே? சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். “உனக்கு எதுலயும் பாதிதாம்மா. அந்தப் பாதியிலதான் என் பொழப்பு ஓடுது.”

தெரிந்து சொல்லவில்லை. அவனுக்குத் தெரிய வழியே இல்லை.

ஜனவரி 11, திங்கள்

எதிலும் மனம் ஒட்டவில்லை. அலமாரியை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன்.

ஜனவரி 17, ஞாயிறு

இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் மாநிலத்துக் கல்லூரிகளுக்குப் பணமில்லை. கட்டணத்தை ஏற்று என்றது ஒரு கட்சி, இரண்டு கல்லூரிகளை மூடு என்றது இன்னொன்று. குழு போட்டார்கள். நான் அதில் உறுப்பினர்கூட இல்லை, பொருளாதாரம் தெரிந்த ஆள் என்று கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். இரண்டும் வேண்டாம், வகுப்புகளில் பாதிக்கு மேல் பகுதிநேர ஆசிரியர்களை வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் கொஞ்சம் முணுமுணுத்தது, இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது. அதுதான் சரியான தீர்வுக்கு அடையாளம் என்று என் மாணவர்களிடம் பெருமையடித்திருக்கிறேன். தாற்காலிகம் என்றுதான் எழுதினேன். பிறகு அந்த ஏற்பாட்டை யாரும் எடுக்கவில்லை. அறிக்கையில் என் பெயர் எங்கும் இல்லை.

வெஸ்லி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான்.

ஜனவரி 24, ஞாயிறு

சொல்லிவிடலாம் என்று போன் செய்தேன். பனியைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன்.

பிப்ரவரி 2, செவ்வாய்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பள்ளிக்கூட ஜிம்மில் கட்சிக் கூட்டம், நூற்றுப்பதினெட்டு பேர். வாக்குச்சீட்டு என்று ஒன்று எங்கள் கட்சிக்காரர்களுக்கு ஏன்தான் ஆகாதோ. அவரவர் வேட்பாளருக்கு உரிய மூலையில் போய் எல்லோர் கண்ணெதிரேயும் நிற்க வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை செல்லாது, கலைந்துவிட வேண்டும். எங்களுக்குப் பதினெட்டு பேர் தேவை. எண்ணினேன், பதினேழு. டெல்பர்ட்டை நாற்காலியோடு சேர்த்து மறுபடி எண்ணினேன். பதினேழுதான்.

கூட்டத்தை நடத்துகிற நூலகத்து ஜோலீன், இடம் மாற அரை மணி நேரம் கொடுத்தாள். எதிர் மூலைக்காரர்கள் பிஸ்கட் தட்டோடு வந்து எங்கள் ஆட்களைக் கரைக்கப் பார்த்தார்கள். நான் கூடைப்பந்து வளையத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பினால் வெஸ்லி அவன் மூலையிலிருந்து நடந்து வருகிறான். அவன் கூட்டாளிகள் ‘ஓ’ என்று கத்தினார்கள். எங்கள் ஸ்டிக்கர் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கோட்டில் ஒட்டிக்கொண்டான்.

“உனக்கு இதுல நம்பிக்கை இல்லையேடா.”

“இல்லதான். எங்க பக்கம் எழுபது பேர் இருக்காங்க, நான் ஒருத்தன் இல்லாட்டி ஒண்ணும் ஆகாது. நீ ரெண்டு மாசமா போன் பண்ணிட்டுக் கிடந்த. ஒரு ஆளு குறைஞ்சதுன்னு நீ வீட்டுக்குப் போகக்கூடாது.”

பதினெட்டு. டெல்பர்ட் கைதட்டினார். எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

அப்புறம் கட்சி மேலிடத்துக்கு அனுப்புகிற தீர்மானங்கள். அதற்குள் பாதிப் பேர் கோட்டு மாட்டிக் கிளம்பிவிட்டார்கள். ஜோலீன் ஒரு தாளை எடுத்துப் படித்தாள். பகுதிநேர ஆசிரியர்களுக்குக் கால்பங்கு வகுப்புக்கு மேல் கொடுக்கக்கூடாது, மற்றதற்கெல்லாம் நிரந்தர வேலை. எழுதியவன் வெஸ்லி.

டெல்பர்ட் கையைத் தூக்கினார். படித்தவர்கள் நாலும் யோசித்து, நடுநிலையாகக் கணக்குப் போட்டுச் செய்த ஏற்பாட்டை நாம் எதற்குக் கலைக்க வேண்டும் என்றார். சொல்லிவிட்டு நான் ஆமாம் சொல்வேன் என்று என்னைப் பார்த்தார். வெஸ்லியும் பார்த்தான். அந்த ஸ்டிக்கர் வேறு அவன் கோட்டில்.

எழுந்துவிட்டேன். “நாலும் யோசிக்கல டெல்பர்ட். அந்த வரிய எழுதினது நான்தான்.”

இன்னும் ஏதோ சொன்னேன். நடுவழி தப்பென்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை, அதையும் சொன்னேன். இரண்டு கட்சியும் அந்தக் குழு அறையில் இருந்தன, பாடம் நடத்தப்போகிறவர்கள் ஒருவர்கூட இல்லை, அவர்களைக் கேட்கத் தோன்றவே இல்லை என்றேன். தீர்மானம் நிறைவேறியது. நானும் கை தூக்கினேன், டெல்பர்ட் தூக்கவில்லை.

வாசலுக்கு வந்து பார்த்தபோது வெஸ்லியின் கார் இல்லை.

பிப்ரவரி 5, வெள்ளி

வெஸ்லியிடமிருந்து போன் இல்லை.

பிப்ரவரி 9, செவ்வாய்

இல்லை. ஏன் சொன்னேன்? இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு ஊரைக் கூட்டித்தான் சொல்ல வேண்டுமா? அவனிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்த யோக்கியதைகூட எனக்கு இல்லை.

பிப்ரவரி 12, வெள்ளி

மதியம் கூப்பிட்டான். இரண்டாவது கல்லூரியிலிருந்து மூன்றாவதற்குப் போய்க்கொண்டிருந்தான், கார் சத்தம் கேட்டது. சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

“அந்த ஒரு வரியப் பத்தி அந்தக் குழுவுல எவ்வளவு நேரம்மா பேசுனீங்க?”

காலம் அப்படி, வேறு வழியில்லை, கல்லூரிகளை மூடாமல் காப்பாற்றினோம் என்று சொல்ல எவ்வளவோ தயாராக வைத்திருந்தேன்.

“இருபது நிமிஷம். சாப்பாடு வந்துடுச்சுன்னு எல்லாரும் சரின்னுட்டாங்க.”

கார் ஓடுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அடுத்த கல்லூரிக்கு நாற்பது மைல். அங்கே போய்ச் சேரும்வரை அவன் போனை வைக்கவில்லை.